கைதட்டலும் கடமையும்

2023ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26ந் தேதி இரவு, ஹங்கேரி தேசத்துத் தலைநகராகிய புடாபெஸ்டில் உலகத் தடகளப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நால்வர் கூடி, ஆளுக்கு 400 மீட்டர் ஓட வேண்டிய தொடரோட்டத்தின் முதற் சுற்று. முகம்மது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகம்மது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் என்ற நால்வர் நமது தேசத்தின் சார்பில் ஓடினார்கள். உலகத்தில் இந்த ஓட்டத்திற்குப் பேர் போன அமெரிக்கர்களை அவர்கள் விடாமல் தொடர்ந்து சென்று, 2 நிமிஷம் 59.05 விநாடியில் இரண்டாவதாக வந்து சேர்ந்தனர். ஆசியாக் கண்டத்தில் அதற்கு முன் யாரும் அத்தனை விரைவாக ஓடியதில்லை. கடைசிக் கட்டத்தை ஓடிய ராஜேஷ் ரமேஷ் தமிழ்நாட்டவர். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே டிக்கட் பரிசோதகராக உத்தியோகம் பார்த்தவர்.

அந்த ஓட்டத்தைக் கண்ட நமது ஜனங்கள் அடைந்த ஆச்சரியத்திற்கும் ஆனந்தத்திற்கும் அளவில்லை. விழித்திருந்து பார்த்தவர்கள் சிலரே. ஆனால் பொழுது விடிந்ததும் தேசமெங்கும் அதே பேச்சாயிற்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வருகிறவரும், ஆவடி ரயிலடியில் வண்டிக்குக் காத்து நிற்பவரும், பூவிருந்தவல்லியில் தேநீர்க் கடை வாசலில் நிற்பவரும் கைப்பேசியில் அந்த மூன்று நிமிஷக் காட்சியை மீண்டும் மீண்டும் பார்க்கக்கூடிய காலம் இது. பெரிய பந்தயம் ஒன்று நடக்கும் போதெல்லாம் இத்தகைய உத்ஸாகம் பொங்குவதையும், சில தினங்களில் வந்த சுவடு தெரியாமல் அது அடங்குவதையும் நாம் பல தடவை கண்டிருக்கிறோம். இந்த உத்ஸாகம் நல்லதுதானா, நல்லதாயின் அதனால் தேசத்திற்கு விளையும் பயன் என்ன என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

உத்ஸாகம் நல்லதே என்பதில் நமக்குச் சிறிதும் சந்தேகமில்லை. பந்தயம் பார்ப்பதை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வோர் கட்சியைச் சேர்ந்தவர்களல்ல நாம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகிய இவற்றை ரசிப்பதற்குச் சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. விதிகளை விளக்குவதற்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமுமில்லை. எழுத்தறியாத பாட்டியும், பள்ளி செல்லும் பேரனும் ஒரே கணத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கக் கூடிய காட்சி அது. ஓடுகிறவரிடத்தில் விலையுயர்ந்த கருவி ஒன்றுமில்லை. இரண்டு கால்களும், பல வருஷத்துப் பயிற்சியுமே அவருடைய சொத்து. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை உலகத்தின் முன்னிலையில் எவர்க்கும் சமமாக நிற்கும் இடம் அந்த ஓட்டப் பாதை. ஆகையால்தான் அதைக் காணும் சாதாரண ஜனங்களின் உள்ளத்தில் தாமே ஓடுவது போன்ற துடிப்பு உண்டாகிறது.

ஆயினும் அந்தத் துடிப்பில் குறைகள் சில உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நண்பரின் செய்கையாகாது.

முதற் குறை, பதக்கம் ஒன்றையே கணக்கில் வைப்பது. மேற்சொன்ன நால்வரும் மறுநாள் இறுதிப் பந்தயத்தில் 2 நிமிஷம் 59.92 விநாடியில் ஐந்தாவதாக வந்தார்கள். உலகத்தில் ஐந்தாவது! அறுபது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர் ஒலிம்பிக் இறுதியில் ஓடுவதே அதிசயமாயிருந்த தேசத்திற்கு இது சாமானியமான விஷயமா? ஆனால் முதல் நாள் விண்ணைப் பிளந்த ஆரவாரம் மறுநாளே பாதியாயிற்று. 2024ம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் நமது தொடரோட்டக் குழு இறுதிச் சுற்றை எட்டாமற் போனபோது, முன்பு பாராட்டியவர்களில் எத்தனை பேர் அவர்களை நினைத்தார்கள்? வென்றால் ‘நாம் வென்றோம்’ என்பதும், தோற்றால் ‘அவர்கள் தோற்றார்கள்’ என்பதும் நீதியாகுமா?

ஓட்டப் பந்தயத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையேயுள்ள தூரம் எத்தனை சிறிதென்பதை நம் சரித்திரமே காட்டும். 1960ம் வருஷம் ரோமாபுரியில் மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். மூன்றாமவராக வந்த தென்னாப்பிரிக்கருக்கும் அவருக்கும் இடையே அன்றைய கைக்கடிகாரக் கணக்குப்படி இருந்தது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 1984ம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் பி. டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 விநாடியில் ஓடினார். ருமேனிய தேசத்துப் பெண்மணி 55.41 விநாடியில் ஓடி மூன்றாம் பதக்கத்தைக் கொண்டு சென்றார். நூற்றில் ஒரு பங்கு விநாடி! கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியும் ஆகாது. பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு மில்கா சிங்கும் உஷாவும் அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் வெறுங்கையர். ஆனால் அவர்களைப் பார்த்து ஓடத் தொடங்கியவர்களின் கணக்கை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

இதற்கு ஓர் அத்தாட்சியும் உண்டு. உஷாவின் அந்த 55.42 விநாடி முப்பத்தொன்பது வருஷ காலம் இந்திய தேசத்தின் சாதனையாக நின்றது. 2023ம் வருஷம் அக்டோபர் மாதம் 2ந் தேதி, காந்தியடிகள் பிறந்த நாளன்று, சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், கோயமுத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் சரியாக அதே 55.42 விநாடியில் ஓடினார். அடுத்த நாள் இறுதியில் மூன்றாம் பதக்கமும் பெற்றார். உடன் பிறந்த இரட்டையரான நித்யாவும் அதே போட்டியில் 100 மீட்டர் தடையோட்டத்தில் ஓடினார். 1984ல் பதக்கமில்லாமல் திரும்பிய ஓட்டம் வீணாயிற்றென்று யார் சொல்ல முடியும்?

இரண்டாவது குறை, நமது அன்பின் நிலையின்மை. நீரஜ் சோப்ராவின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2021ம் வருஷம் ஆகஸ்டு 7ந் தேதி டோக்கியோவில் 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து, தடகளத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை அவர் கொண்டு வந்தார். மூன்று வருஷத்திற்குப் பின் பாரிஸில் 89.45 மீட்டர் எறிந்தும் அவருக்கு இரண்டாம் இடமே கிட்டியது. பாகிஸ்தானத்து அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையே செய்துவிட்டார். அப்பொழுது நீரஜின் தாயார் சரோஜ் தேவி, தங்கம் பெற்றவனும் தம் பிள்ளை போன்றவனே என்ற கருத்துப்படப் பேசினார். கிராமத்துத் தாயொருத்தியின் கள்ளமில்லாத அந்தப் பேச்சைத் தேசம் முழுவதும் கொண்டாடிற்று. எல்லையின் இருபுறத்திலும் கண் கலங்கியவர்கள் உண்டு.

ஆனால் நடந்ததென்ன? 2025ம் வருஷம் பெங்களூரில் தம் பெயரால் நடக்கவிருந்த ஈட்டியெறிப் போட்டிக்கு நீரஜ் பல தேசத்து வீரர்களை அழைத்தார். நதீமுக்கும் அழைப்புச் சென்றது. அதன்பின் ஏப்ரல் 22ந் தேதி பஹல்காமில் நிராயுதபாணிகளான சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட கொடுஞ் செயல் நிகழ்ந்தது. தேசத்தின் துக்கமும் கோபமும் நியாயமானவை. அந்தக் கோபம் நீரஜின் மீதும், அவருடைய குடும்பத்தார் மீதும் பாய்ந்ததுதான் அநியாயம். அழைப்பு அந்தக் கொடுமைக்கு முன்பே அனுப்பப்பட்டதென்பதை அவர் பகிரங்கமாக விளக்க வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்துக்கு முன் தம் தாயாரின் வார்த்தையைப் புகழ்ந்த அதே மனிதர்கள் இப்பொழுது அதே வார்த்தைக்காக அவரை ஏசுவதைக் கண்டு அவர் மனம் நொந்து எழுதினார். சேனையில் சேர்ந்து தேசத்தின் உடுப்பைத் தரித்தவர் அவர். அவருடைய தேசபக்திக்கு, வீட்டில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் வசை எழுதுகிறவர் அத்தாட்சி கேட்பதென்றால், அதை என்னவென்று சொல்வது? தேசபக்தி என்பது மற்றவர் தேசபக்தியை அளக்கும் முழக்கோல் அன்று.

இதிலும் ஓர் ஆறுதல் உண்டு. அந்தப் போட்டி ஜூலை மாதம் 5ந் தேதி பெங்களூர்க் கண்டீரவா மைதானத்தில் நடந்தேறியபோது, திரளான ஜனங்கள் நேரில் வந்திருந்து, நம்மவர், அயலார் என்ற பேதமின்றி ஒவ்வொரு எறிக்கும் கரகோஷம் செய்தார்கள். நேரில் வந்து அமர்ந்து பார்க்கிறவன் வசை பாடுவது அபூர்வம். எறிகிறவன் சிந்தும் வியர்வையை அவன் காண்கிறான். வசை எழுதுகிறவன் அதைக் காண்பதில்லை.

மூன்றாவது குறையைச் சொல்லும் போது நமக்கு வெட்கமும் வேதனையும் ஒருங்கே உண்டாகின்றன. புதுக்கோட்டை ஜில்லாவிலே கத்தக்குறிச்சி என்ற கிராமத்தில், செங்கற் சூளையில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006ம் வருஷம் டிசம்பர் மாதம் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். தமிழ்நாடே குதூகலித்தது. சில தினங்களுக்குள், பெண்பால் பற்றிய பரிசோதனையில் தேறவில்லையென்று கூறி அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. அப்பரிசோதனையின் முடிவு, சம்பந்தப்பட்டவரின் மானத்தைக் கருதி மூடிய கதவுக்குள் பேசப்பட வேண்டிய விஷயம். அது உலகமெங்கும் செய்தியாகப் பரப்பப்பட்டது. அவர் மருந்து உண்ணவில்லை, யாரையும் ஏமாற்றவுமில்லை, பிறந்த உடம்போடு ஓடினார். அன்றைய தமிழ்நாட்டு அரசு அவருக்கு 15 லக்ஷ ரூபாய் கொடுத்துக் கௌரவித்ததை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். ஆனால் தெருவில் நின்று பட்டாசு கொளுத்திய நாம் என்ன செய்தோம்? ‘ஆணா, பெண்ணா?’ என்று வேடிக்கைப் பேச்சுப் பேசினோம். பிற்காலத்தில் அவர் மறுபடியும் செங்கற் சூளைக்கே கூலி வேலைக்குச் செல்ல நேர்ந்தது. பல வருஷங்கள் கழிந்த பின்னரே அவருக்கு அரசாங்கத்தில் பயிற்சியாளர் உத்தியோகம் கிடைத்தது.

பின்னர் 2014ம் வருஷம் இதே துன்பம் ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த துத்தீ சந்துக்கு நேர்ந்தபோது, அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015ல் அம்மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. அவர் மீண்டும் ஓடினார். அவருக்குத் துணை நின்றவர்கள் இருந்தார்கள்; சாந்திக்கு அன்று அப்படி நிற்பார் போதிய அளவில் இல்லை. இந்த விதிகளைப் பற்றி விஞ்ஞானிகளும் விளையாட்டுச் சங்கத்தாரும் இன்றும் வாதித்து வருகிறார்கள். அது அவர்கள் வேலை. விதி எதுவாயினும், அதற்கு உட்பட்டவர் ஒரு மனித ஜீவன் என்பதை மறவாதிருப்பது நம் வேலை.

இதனால், நம்மவர் எது செய்தாலும் நியாயமென்று வாதிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயமல்ல. 2019ம் வருஷம் அதே தோஹா நகரில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த கோமதி மாரிமுத்துவுக்கு, பின்னர் ஊக்கமருந்துப் பரிசோதனையின் காரணமாக நான்கு வருஷத் தடை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்கு உரியவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னால் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் ஊராரென்பதற்காக விதியை வளைக்கக் கோருவது, விதிக்கு அடங்கி ஓடும் மற்ற ஏழைப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் வென்ற அன்றே தெய்வமாக்குவதும், தடை வந்த அன்றே மண்ணில் தள்ளுவதும் ரசிகருக்கு அழகல்ல. புகழ்ச்சியிலும் நிதானம் வேண்டும். கண்டனத்திலும் நிதானம் வேண்டும்.

போட்டியாளரை மதிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழருக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிடைத்த கீர்த்தியைச் சொல்லுவோர் யாழ்ப்பாணத் தமிழராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை மறக்கக் கூடாது. 1958ம் வருஷம் டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதல் தங்கத்தைத் தேடிக் கொடுத்தவர் அவர். அவருடைய நாட்டில் பிற்பாடு தமிழர் பட்ட துயரம் சொல்லி முடியாது. அத்துயரத்தின் காரணமாகவே 2013ம் வருஷம் சென்னையில் நடக்க வேண்டியிருந்த ஆசியத் தடகளப் போட்டியை, இலங்கைக் குழுவினர் வருவதைக் கருதி, அன்றைய தமிழ்நாட்டு அரசு நடத்த மறுத்தது. போட்டி புனாவுக்குச் சென்றது. அந்த முடிவுக்குப் பின்னிருந்த வேதனையைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆயினும் அதனால் நேர்ந்த நஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆசியாவின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களை ஒரு ரயில் பயண தூரத்தில் காணும் பாக்கியத்தை ஆவடியிலும் அம்பத்தூரிலும் உள்ள நம் சிறுவர் சிறுமியர் இழந்தார்கள். அந்த வருஷம் பத்து வயதாயிருந்த குழந்தைகள் இன்று வாலிபப் பருவத்தினர். நேரில் கண்ட ஓட்டம் ஒரு குழந்தையின் காலில் உண்டாக்கும் வேகத்தைப் படக் காட்சி உண்டாக்காது.

இனி, இந்த மேற்குப் புறநகர்ப் பகுதி என்ன செய்யலாம் என்பதே கேள்வி. 1955ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஆவடியிலே சத்தியமூர்த்தி நகரில் காங்கிரஸ் மகாசபை கூடியது. ஸ்ரீ தேபரின் தலைமையில், சமதர்ம அமைப்பே தேசத்தின் லக்ஷ்யமென்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறிற்று. அன்று அங்கே திரண்ட ஜனங்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர்களல்ல. தாங்கள் கேட்டதை ஊருக்குக் கொண்டுபோய்ச் செய்கையாக்க வேண்டுமென்ற எண்ணத்தோடு வந்தவர்கள் அவர்களில் பலர். பார்வையாளனுக்கும் பிரஜைக்கும் உள்ள வித்தியாசம் அதுவே. பந்தயம் பார்க்கும் நாமும் வெறும் பார்வையாளராயிருப்பதா, பிரஜைகளாயிருப்பதா?

இந்தப் பகுதிக்கு இல்லாத வசதி என்ன? ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது; விமானப் படை நிலையம் இருக்கிறது; மத்திய ரிசர்வ் போலீஸாரும், தமிழ்நாடு சிறப்புக் காவற் படையினரும் இருக்கிறார்கள். அம்பத்தூரில் 1960களில் தொடங்கிய தொழிற்பேட்டை இருக்கிறது. இரயில் பெட்டித் தொழிற்சாலை சில மைல் தூரத்தில் இருக்கிறது. நமது தேசத்தில் தடகள வீரர்களுக்குச் சோறு போடுகிறவை பெரும்பாலும் இரயில்வே, இராணுவம், போலீஸ் ஆகிய ஸ்தாபனங்களே என்பதை வாசகர்கள் அறிவார்கள். மில்கா சிங்கும் நீரஜ் சோப்ராவும் இராணுவத்தைச் சேர்ந்தவர்கள்; ராஜேஷ் ரமேஷும் உஷாவும் இரயில்வேயைச் சேர்ந்தவர்கள். இத்தகைய ஸ்தாபனங்கள் இத்தனை நெருக்கமாகக் கூடியிருக்கும் இடத்திலிருந்து ஓட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட வேண்டாமா?

முதலில் வேண்டியது இடம். சர்வதேச அளவுப்படியான ஓட்டப் பாதையின் உள் வரிசை சுற்றளவு 400 மீட்டர். எட்டு வரிசையோடு கூடிய அத்தகைய பாதைக்கு ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கொண்ட நிலம் தேவை. அதாவது நான்கு ஏக்கருக்குச் சற்று அதிகம். ரப்பர் கலந்த செயற்கைத் தளம் பின்னால் வரட்டும். மண்ணைச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டால் ஓடத் தொடங்குவதற்கு அது போதும். மனைக்கட்டு ஒன்றுக்கு லக்ஷக்கணக்கில் விலை ஏறும் இப்பிரதேசத்தில் நான்கு ஏக்கர் ஒதுக்குவது எளிதல்ல என்பது உண்மையே. அதனால்தான் மிச்சமிருக்கும் வெளியிடம் மறைவதற்கு முன் இன்றே கேட்க வேண்டும். அதற்காக ஏரியைத் தூர்க்கச் சொல்லுகிறோமென்று எவரும் நினைக்க வேண்டாம். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் நமக்குத் தண்ணீரும் உயிரும். 2015ம் வருஷத்து வெள்ளம் கற்பித்த பாடத்தை மறப்பதற்கில்லை. பள்ளிக்கூடத்து மைதானங்கள், சர்க்கார் ஸ்தாபனங்களின் மைதானங்கள், காலியாய்க் கிடக்கும் புறம்போக்கு ஆகியவற்றையே குறிப்பிடுகிறோம்.

234 சட்டசபைத் தொகுதிகளிலும் சிறு விளையாட்டரங்கம் அமைப்பதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்திருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மூன்றும் தனித்தனித் தொகுதிகள். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் அடங்கியது, ஆவடி 2019 முதல் தானே ஒரு மாநகராட்சி, பூவிருந்தவல்லி நகராட்சி. எனவே கேட்பதற்கு மூன்று ஸ்தல ஸ்தாபனங்களும், மூன்று சட்டசபை அங்கத்தினரும் இருக்கிறார்கள். அரசியல் தொண்டர்களே, தேர்தல் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் உங்கள் கால்கள் இந்த விஷயத்திற்காக ஒரு முறை நகர சபை அலுவலகத்துக்கு நடக்கலாகாதா? எந்த மைதானம், எத்தனை ஏக்கர், யார் வசம், காலையிலும் மாலையிலும் குழந்தைகளுக்குத் திறந்திருக்கிறதா, விளக்கும் குடிதண்ணீரும் பெண்களுக்குத் தனி அறையும் உண்டா என்று ஒரு ஜாபிதா தயாரித்து, அதை ஜனங்கள் முன் வையுங்கள். கட்சி பேதமின்றிச் செய்யக்கூடிய வேலை இது.

இரண்டாவதாக வேண்டியது, நம்முடைய வருகை. பள்ளிக்கூடங்களில் வருஷாந்தர விளையாட்டு விழாக்கள் நடக்கின்றன; முதலமைச்சர் கோப்பைக்கான ஜில்லாப் போட்டிகள் நடக்கின்றன; 2024ம் வருஷம் ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் தடகளப் பந்தயங்களும், செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டியும் சென்னை நேரு விளையாட்டரங்கிலேயே நடந்தன. புடாபெஸ்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர், ஆவடியில் வண்டியேறிச் சென்று அங்கே நம் குழந்தைகள் ஓடுவதைப் பார்த்தார்கள்? பெற்றோரும் ஆசிரியரும் தவிர வேறு எவரும் இல்லாத காலரியின் முன் ஓடும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, அறிமுகமில்லாத நூறு பேரின் கைதட்டல் எத்தனை பலம் தரும்! அவள் பதக்கம் பெற்ற பின் விமான நிலையத்தில் மாலையுடன் நிற்கும் ஆயிரம் பேரைவிட, பெறுவதற்கு முன் வந்து நிற்கும் பத்துப் பேரே அவளுக்கு உண்மையான ஆதரவாளர்கள்.

மூன்றாவதாக, அங்கஹீனமுற்ற வீரர்களுக்கும் அதே இடமும் அதே கைதட்டலும் வேண்டும். சேலம் ஜில்லாப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் விபத்தில் வலக்கால் ஊனமுற்றவர். 2016ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024ல் பாரிஸில் வெண்கலமும் பெற்று, மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து மேடை ஏறியவர். அவரை ஊக்குவித்துத் தாண்டத் தூண்டியவர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். கிராமத்துப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இதைச் செய்ய முடியுமானால், தொழிற்சாலைகள் நிறைந்த இப்பிரதேசம் முழுவதும் கூடிச் செய்யக்கூடியது எவ்வளவு!

‘வேலையில்லாத் திண்டாட்டமும் விலைவாசியும் வாட்டும் போது ஓட்டத்தைப் பற்றி என்ன பேச்சு?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடத் தெரிந்த ஏழைப் பிள்ளைக்கு இரயில்வேயிலும் போலீஸிலும் இராணுவத்திலும் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் உத்தியோக வாசல் திறந்திருக்கிறது என்பதை இவர்கள் யோசிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் தரித்திரம் ஒரு தலைமுறையில் தீருவதற்கு அது ஒரு வழி. அது தவிர, பகலெல்லாம் பள்ளியறையிலும் இரவெல்லாம் கைப்பேசியிலும் கழிக்கும் பிள்ளைகளின் தேகம் என்ன ஆகிறதென்பதை ஒவ்வொரு பெற்றோரும் வீட்டிலேயே காண்கிறார்கள். மைதானம் ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்கும், அது ஆடம்பரமல்ல.

2030ம் வருஷத்துக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஆமதாபாத்தில் நடத்துவதென்று 2025 நவம்பரில் முடிவாயிற்று. 2036ம் வருஷத்து ஒலிம்பிக்கையும் நடத்த நமது தேசம் கோரியிருக்கிறது. அரங்குகளைப் பணத்தால் கட்டிவிடலாம். அவற்றில் ஓடுவதற்கு வேண்டிய பிள்ளைகளை நான்கைந்து வருஷத்தில் பணத்தால் உண்டாக்க முடியாது. அந்த அரங்கில் நாளை ஓடவேண்டியவள் இன்று அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூவிருந்தவல்லியிலோ ஏதோ ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு ஓட இடமில்லை, பார்க்க ஆளில்லை என்ற நிலையில் விட்டுவிட்டு, பந்தய தினத்தன்று பதக்கம் ஏன் வரவில்லையென்று கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை.

அடுத்த பெரிய பந்தயம் வரும் போது நமது ஜனங்கள் வழக்கம் போல் கூடட்டும், ஆர்ப்பரிக்கட்டும், நான்காவதாக வருகிறவரையும் பேர் சொல்லி வாழ்த்தட்டும், அயல்நாட்டார் வென்றால் அவருக்கும் கை தட்டட்டும். அது முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, தத்தம் ஊர் மைதானம் எந்த நிலையில் இருக்கிறதென்று போய்ப் பார்த்து, வேண்டியதை நகர சபையாரிடம் எழுத்து மூலம் கேட்கவும் செய்யட்டும். இம்முயற்சியில் மேற்குப் புறநகர வாசிகள் மற்றவர்களுக்கு வழிகாட்டுவார்களென்று நம்புகிறோம்.